கும்பிட்டதும் ஓடிய வண்டி

டயர் மாற்றிக் கொடுத்த மறுநாளே, பேரூராட்சித் தலைவர் மாசிலாமணி தன் மின்சார ஸ்கூட்டரோடு மெக்கானிக் பூமயிலின் கடைக்கு வந்து கத்தினார்.

"வயரைக் கெடுத்துட்டே! இனி ஒரு வயரையும் தொடாம ஓட வை. இல்லேன்னா கடைக்குப் பூட்டுதான்!"

பூமயில் வண்டியைச் சோதித்துப் பார்த்தாள். அவள் ஏறினால் வண்டி ஓடியது. அவர் ஏறினால் அசையவில்லை. மூன்று முறை பார்த்தும் புரியவில்லை. நாலாவது முறைதான், அவர் உட்கார்ந்ததுமே பின்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டாள்.

"ஐயா, ஊரே கூடி நிக்குது. ஒரு கும்பிடு போடுங்க."

கும்பிட்டார். விளக்கு அணைந்தது.

"இப்ப பிரேக்குல விரல் படாம ஆக்சிலேட்டரைத் திருகுங்க."

வண்டி பத்தடி ஓடியது; அவரே நிறுத்தினார்.

"என்னம்மா பண்ணினே?"

"வயரைத் தொடலைங்க ஐயா. பிரேக் பிடிச்சா மோட்டார் ஓடாது. டயர் வெடிச்ச பயத்துல நீங்க பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க. கும்பிட வெச்சு அதை விட வெச்சேன், அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்த சிரிப்பில், தலைவர் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை.