நடுவில் பாம்பன் பாலம்

"சுவாமி, எனக்குக் கர்வம் ஏறிப்போச்சு. அதை விடணும்," என்றாள் செல்வநாயகி.

"எங்கே ஏறியிருக்கு?"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல."

துணிப்பையை அவர் முன்னால் கவிழ்த்தாள். சுற்றுலா ஊர்களில் விற்கிற காந்தப் பொம்மைகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுந்தன.

செல்வநாயகி தென்காசியில் பிசியோதெரபி பார்ப்பவள். படுத்துவிட்டவர்களை நடக்க வைப்பது வேலை. சுவாமி அவளைவிட வயதில் சிறியவர். மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு ஆசிரமம்.

"எல்லாம் என்கிட்ட வைத்தியத்துக்கு வந்தவங்க ஊர் பாத்துட்டு வாங்கிட்டு வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஃபிரிட்ஜ் முன்னால நிறுத்திக் கதை சொல்றேன் சுவாமி. சொல்றப்ப நெஞ்சு நிமிருது. 'மதுரையைத் தாண்டாதவளுக்கு இத்தனை பவுசு எதுக்கு'ன்னு நாத்தனார் கேட்டுட்டா. இதையெல்லாம் கிணத்துல போட்டுடுங்க."

அவர் தாஜ்மகாலைப் பிரித்தெடுத்தார்.

"இது?"

"ஜெயசீலன். ஸ்கூல் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து ஒரு கால் வரவே மாட்டேன்னுச்சு. என்னைத் திட்டாத நாள் இல்ல. கடைசியில பொண்டாட்டியோட போயி, கம்பு இல்லாம தாஜ்மகாலைச் சுத்தி வந்தாரு."

அதைப் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவின் கதவில் வைத்தார். டக்கென்று ஒட்டியது.

"இந்த ஒட்டகம்?"

"கோகிலா. ஸ்கூட்டியில அடிபட்ட பொண்ணு. ஜெய்சல்மேர்ல ஒட்டகத்து மேல உக்காந்து வீடியோ கால் போட்டா. வலிக்குதான்னு கேட்டேன். ஒட்டகத்துக்கு வலிக்கலாம், எனக்கு இல்லக்கான்னா."

டக்.

"இது?"

பாம்பன் பாலம். ஓரம் உடைந்திருந்தது.

செல்வநாயகி அந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"நூர்ஜஹான். அவ நடக்கல சுவாமி. முதுகெலும்பு போச்சு. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். இனிமே என்னால ஆகாதும்மான்னு சொல்லி அவ முன்னாலயே அழுதுட்டேன். அவதான் என் கண்ணைத் துடைச்சா. அப்புறம் ஒரு நாள் வீல்சேரோட ரயிலேறி, தனியா ராமேஸ்வரம் போயிருக்கா. பெட்டியில ஏத்திவிட்ட போர்ட்டர் 'துணைக்கு ஆள் இல்லையா'ன்னு கேட்டாராம். 'நீங்க வர்றீங்களா'ன்னாளாம். திரும்பி வந்து இதை என் மடியில போட்டா. 'பாத்துட்டேன்க்கா. அடுத்தது காஷ்மீர்'னா."

"இது ஃபிரிட்ஜ்ல எங்கே இருந்துச்சு?"

"நடுவுல."

பீரோவின் நடுவில் இடம் பார்த்து வைத்தார்.

வாசலில் பால்காரர் முருகையாவின் சைக்கிள் வந்து நின்றது.

"முருகையா! கேனை வெச்சிட்டு உள்ளே வாங்க," சுவாமி கூப்பிட்டார். "இந்தப் பாலத்தைப் பாருங்க. நூர்ஜஹான்னு ஒரு பொண்ணு. நடக்க முடியாது. தனியாப் போயிருக்கா, தெரியுமா? தனியா!"

அவர் குரல் வாசல் தாண்டிக் கேட்டது.

செல்வநாயகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"போர்ட்டரை விட்டுட்டீங்க, சுவாமி."

"அப்ப நீங்களே சொல்லுங்க," என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பீரோ முன்னால் போய் நின்றாள்.