நல்லாச் சுடுகிற ஏர்கன்னைப் பிரித்துப் பார்ப்பது ஏன்

அந்தக் காலத்தில் காற்றுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கிளி பேசும், எறும்பு பேசும், காற்றாத்தாளும் பேசுவாள். எல்லாருக்கும் எல்லார் பேச்சும் புரியும். புரிந்தாலும் காது கொடுத்துக் கேட்டவர்கள் கொஞ்சம்தான்.

அப்போது மலைச்சரிவில் நஞ்சான் என்று ஒருத்தன் இருந்தான். அவன் பெண்சாதி வீராத்தாள். ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று. ஒரே ஒரு துண்டு தினைக்காடு. போன வருசத் தினையைக் கிளிகள் ஒரு கதிர் விடாமல் தின்றுவிட்டுப் போய்விட்டன. வீராத்தாள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றுதான் பிள்ளையைச் சுமந்து பெற்றாள். இந்த வருசமும் தினை போனால் அவளுக்குப் பால் வற்றிவிடும். குழந்தைக்கு அதை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

கதிர் முற்றத் தொடங்கியதுமே கிளிகள் வந்துவிட்டன. மூத்த கிளி வேலமரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்பிள்ளை, எங்களுக்கு எப்போ இலை போடுறே?" என்று கேட்டது.

"கிட்ட வா, போடறேன்" என்று நஞ்சான் கல்லை விட்டெறிந்தான்.

கிளி கழுத்தை மட்டும் சாய்த்துக்கொண்டது. "மாப்பிள்ளைக்குக் கை கொஞ்சம் கோணல்" என்று மற்ற கிளிகளிடம் சொன்னது. எல்லாம் சேர்ந்து சிரித்தன.

நஞ்சானுக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு முழ மூங்கிலை வெட்டினான். முன்பக்கக் கணுவில் சுண்டைக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டான். பின்பக்கம் அகலமாகத் திறந்தே இருந்தது. அதற்குள் போய்வர ஒரு கோல் சீவினான். கோலின் முனைக்கு ஆட்டுத்தோலை வட்டமாக வெட்டி, காற்று ஒழுகாமல் இருக்க விளக்கெண்ணெயில் ஊறப் போட்டான்.

தோல் ஊறுகிற வரைக்கும் மூங்கில் பாறைமேல் கிடந்தது. அந்தப் பக்கமாகக் காற்றாத்தாளின் கடைக்குட்டி தவழ்ந்து வந்தான். ஓட்டை மூங்கிலைக் கண்டால் காற்றுப் பிள்ளை சும்மா இருக்குமா? உள்ளே புகுந்து 'ஊ, ஊ' என்று விளையாடினான். நஞ்சான் வந்தான். உள்ளே பார்க்கவில்லை. கோலைச் செருகி, ஆப்பு அடித்து, கயிற்றால் கட்டிவிட்டான். முன்பக்க ஓட்டை கடைக்குட்டி வெளியே வரப் போதவில்லை.

முன்னால் சுண்டைக்காயை அடைத்து, கோலை ஒரு தள்ளுத் தள்ளினான். கடைக்குட்டி நசுங்கித் திமிறினான். அவன் திமிறின வேகத்தில் காய் 'டொப்' என்று பறந்துபோய் மூத்த கிளியின் வாலில் பட்டது.

"ஐயோ! மாப்பிள்ளை கோணல் இல்லைடா, ஓடுங்கடா!" என்று கத்திக்கொண்டு கிளிகள் பறந்தன.

ஏழு நாள் நஞ்சான் சுட்டான். ஒரு கதிர்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த ஏழு நாளும் மலையில் ஒரு இலை அசையவில்லை. காற்றாத்தாள் பிள்ளையைக் காணாமல் ஊர் ஊராகத் தேடப் போயிருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் நஞ்சானுக்குக் கோலைத் தள்ளும்போது என்னவோ போல இருந்தது. மூங்கிலைக் காதில் வைத்தான். "உள்ளே ஏதோ சத்தம் வருது புள்ள. பிரிச்சுப் பார்க்கட்டுமா?"

வீராத்தாள் பதறிப்போனாள். "நல்லாத்தானே மாமா சுடுது! எதுக்குப் பிரிக்கறீங்க? இன்னும் மூணே நாள். அறுத்துட்டு அப்புறம் என்னமோ பண்ணுங்க. அந்தா பாருங்க, மரத்துல எத்தனை உட்கார்ந்திருக்குன்னு!"

அவள் சொன்னதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் நல்லா வேலை செய்கிற பொருளை யாரும் பிரிக்க மாட்டார்கள். நஞ்சான் இன்னொரு காயை அடைத்தான். ஆனால் கை வரவில்லை. "ஒரே ஒரு தடவை நீ கேளு" என்று அவள் காதில் வைத்தான்.

அவள் கேட்டாள். ரொம்பச் சின்னச் சத்தம். விட்டு விட்டு வந்தது. இடுப்பில் இருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அது பிள்ளை அழுகிற சத்தத்துக்கு மட்டும்தான் சுரக்கும்.

"பிரிங்க மாமா" என்றாள்.

"கிளி?"

"பிரிங்க."

அவள் முந்தானையை விரித்தாள். நஞ்சான் கயிற்றை அவிழ்த்தான், ஆப்பைத் தட்டினான், கோலை மெல்ல இழுத்தான். கடைக்குட்டி எண்ணெயும் பிசுக்குமாக வெளியே வந்து விழுந்தான். அழக்கூடத் தெம்பில்லை. வீராத்தாள் அவனை எடுத்துத் தன் குழந்தை பக்கத்திலேயே மடியில் போட்டுக்கொண்டாள்.

கிளிகளுக்கு இதுதானே வேண்டும்? மொத்தமாகக் காட்டில் இறங்கின. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் காடு மொட்டையாகிவிட்டது.

அப்போதுதான் காற்றாத்தாள் வந்தாள். மரம் எல்லாம் வளைந்தது. கிளிகள் பஞ்சு மாதிரிப் பறந்து மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. நஞ்சானையும் தூக்கி அடித்திருப்பாள். ஆனால் வீராத்தாள் மடியில் தன் பிள்ளை அந்தக் குழந்தையின் முடியைப் பிடித்து விளையாடுவதைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"கிளிங்க வாயால கேட்டேன். நல்லாத்தானே சுட்டுது? ஏன் பிரிச்சே?" என்று கேட்டாள்.

"தெரியலை ஆத்தா. உள்ளே எதுக்கோ நோவுதுன்னு தோணுச்சு."

காற்றாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பிள்ளையைத் தர மாட்டேன். கோலைத் தள்ளும்போதெல்லாம் என் மூச்சில் ஒரு வாய் தரேன், அது போதும் உனக்கு. ஆனா சின்னதுங்க கேட்காது, ஓட்டையைப் பார்த்தா திரும்பப் புகுந்துடும். அதனால நீ அப்பப்போ பிரிச்சுப் பார்க்கணும். பார்ப்பியா?"

"சத்தம் வந்தாலும் பார்ப்பேன், வராட்டியும் பார்ப்பேன் ஆத்தா" என்று நஞ்சான் வாக்குக் கொடுத்தான்.

அவன் மூங்கிலையும் கோலையும் திரும்பப் பூட்டினான். பூட்டி முடித்த பிறகு முந்தானையில் ஒரு ஆப்பு மிச்சம் கிடந்தது.

"இருந்ததே அஞ்சு சாமான், இது எங்கே இருந்து வந்துச்சு?" என்று வீராத்தாள் சிரித்தாள்.

"இரு, இன்னொரு தடவை பிரிக்கறேன்" என்றான் நஞ்சான்.

மீதித் தினையைக் காற்றாத்தாளே வந்து உமி பறக்கத் தூற்றிக் கொடுத்தாள். பாதி என்றாலும் ஒரு மணி பதரில்லை. வீராத்தாளுக்குப் பால் குறையவே இல்லை.

அன்று தொடங்கியதுதான் இது. இன்றைக்கும் ஏர்கன் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். குறி தப்பாமல் நல்லாச் சுடும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு துணியை விரித்து, ஸ்பிரிங் ஒரு பக்கம், வாஷர் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். குழாயைக் காதில் வைத்துக் கேட்பார்கள். "நல்லாத்தானே இருக்கு?" என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள். பாவம், திட்டாதீர்கள். உள்ளே பிள்ளை யாரும் இல்லையே என்று பார்க்கிறார்கள்.