உழவாரன் கால் வெக்காம போன கதை

பறவைங்களும் நம்மள மாதிரியே வாயடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. இன்னிக்கு ஏரோப்ளேன் எறங்க ரன்வே, ஹெலிகாப்டருக்கு வட்டம் போட்ட ஹெலிபேடுன்னு தனித்தனியா பேரு இருக்கு. அப்ப பறவைங்ககிட்ட எல்லாத்துக்கும் ஒரே பேருதான்: எடம். தண்ணியும் எடம், கெளையும் எடம், பொட்டலும் எடம். "எடம் காலியா?"ன்னு மேலேருந்து ஒருத்தர் கேப்பாரு, "காலி"ன்னு கீழேருந்து இன்னொருத்தர் சொல்லுவாரு, எந்த எடம்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்பிடித்தான் ஒருநாள் கூழைக்கடா, அதான் பை மாதிரி தாடை தொங்குற பெருத்த ஆளு, மீன்கொத்தி உக்காந்திருந்த குச்சி மேலயே வந்து எறங்கிட்டாரு. குச்சியும் போச்சு, மீன்கொத்தி இடுப்பும் போச்சு.

ஏரிக்கரையில ஆள்காட்டி அத்தை கூட்டம் போட்டா. அவ கத்துனா மூணு ஊருக்குக் கேக்கும்.

"நாளைக்கு வெடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும்! வூட்டுக்கு ஒருத்தர் போயி, புடிச்ச எடத்துல கால வெச்சு, அதுக்கு ஒரு பேரு சொல்லணும். அது ஒங்க வம்சத்துக்கே சொந்தம். பொழுது சாஞ்சா யாருக்கும் கெடையாது. கேட்டுச்சா? கேட்டுச்சா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சா, கேட்டுச்சா"ன்னு அதே கொரல்ல பழிச்சுக் காட்டுனான் உழவாரன்கற குருவி. வில்லு மாதிரி ரெக்க, கையளவு ஒடம்பு. அப்பல்லாம் அவனுக்குக் காலு நல்லா நெடுநெடுன்னு இருந்துச்சு. ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டான். உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி ஒரு பரபரப்பு.

"யோவ், வயித்துல முட்டை இருக்குய்யா. நாளைக்குச் சாயங்காலம் தாங்காது. வெளையாடாம ஒரு எடத்தப் புடி"ன்னா அவன் பொஞ்சாதி.

"மொத ஆளா நான்தான் புள்ள!"

வெடிஞ்சுச்சு. கூழைக்கடா தண்ணி மேல தடதடதடன்னு ஓடி நின்னு மூச்சு வாங்குனாரு. "ஹ்ஹூம்... இது... ஓடுதண்ணி." கொக்கு மரத்து மேல ஒத்தக் கால வெச்சு "உச்சிக்கொம்பு"ன்னுச்சு. மீன்கொத்தி புதுசா ஒரு குச்சிய நட்டு "குத்துக்குச்சி"ன்னான். இலைக்கோழி தாமர எலையில நடந்து "மெதப்பு"ன்னு கூவுனா. ஆள்காட்டி அத்தை கல்லுத் தரையில நின்னு "பொட்டல்! பொட்டல்! பொட்டல்!"னு தானே மூணு தடவ சொல்லிக்கிட்டா.

உழவாரன் ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் சுத்துனான். "மாமா, ஓடுதண்ணியா? அது ஒங்க தொப்பை தண்ணியில இழுபடுற சத்தம் மாமா!" கூழைக்கடா மாதிரியே "ஹ்ஹூம்"னு மூச்சு வாங்கிக் காட்டுனான். ஏரியே சிரிச்சுச்சு. சிரிப்பு கேட்டதும் இன்னொரு சுத்து.

நல்ல மணல் திட்டு ஒண்ணு காலியா இருந்துச்சு. கிட்டப் போனான். 'இதவிட அந்தப் புங்கமரம் நெழலா இருக்குமே?' புங்கமரத்துக்குப் போனான். 'காத்து வரலியே?' திரும்பி வந்தா திட்டுல உள்ளான் குருவி நின்னுக்கிட்டு இருக்கு. மத்தியானம் போச்சு. மரமெல்லாம் போச்சு, கரையெல்லாம் போச்சு.

கடேசியா மதகு மேல ஒரு மொட்டக் கல்லு மிச்சம். உழவாரன் ரெக்கய மடக்கி எறங்குனான். வெரலு கல்லத் தொட ஒரு நூலு இருக்கு. கீழேருந்து பொஞ்சாதி கத்துறா: "வெய்யி! கால வெய்யி!"

அந்த நொடியில அவனுக்குத் தோணுச்சு: 'மதகுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?'

விர்ர்ருன்னு மேல ஏறிட்டான். அந்தாண்ட ஒண்ணுமில்ல. வெறும் சேறு. திரும்புனா கல்லு செவந்து கெடக்கு. சூரியன் போயிருச்சு.

"முடிஞ்சுது! முடிஞ்சுது!"ன்னா அத்தை.

"வருதுய்யா, முட்டை வருது!" பொஞ்சாதி அலறுனா. கெளைக்குப் போனா கொக்கு கொத்துது, திட்டுக்குப் போனா உள்ளான் தொரத்துது. உழவாரன் கிண்டல விட்டுட்டு நாலாபக்கமும் எடம் தேடுனான்.

பனைமரத்துல காஞ்ச ஓல ஒண்ணு தலகீழாத் தொங்குச்சு. அது மேல யாரும் நிக்க முடியாது, அதான் யாரும் கேக்கல. அடிப்பக்கமாப் பாஞ்சு, நாலு வெரலயும் முன்னாடி வளச்சு, ஓலயக் கவ்விக்கிட்டான். நெஞ்சு எறகப் பிச்சு, எச்சில்ல கொழச்சு, ஓலயில ஒட்டுனான். பொஞ்சாதியும் பக்கத்துல வந்து தொங்குனா, முட்டை வந்து விழுந்துச்சு. அதையும் எச்சில் போட்டு ஒட்டுனான். நின்னுருச்சு.

"யாருடா அங்க பொழுது சாஞ்சு கால வெச்சது?"ன்னு பறந்து வந்தா அத்தை.

"கால வெக்கல அத்தை. தொங்குறேன்."

அத்தை இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. முட்டையப் பாத்தா. "சரி, தொங்கிக்கோ. ஆனா இதுக்குப் பேரு கெடையாது. கீழ எங்கியும் ஒனக்குக் கால் வெக்கற பாத்தியதையும் கெடையாது."

நிக்க வேலயில்லாம அவன் காலு சூம்பிச் சூம்பி, ரெண்டு கொக்கியா மிஞ்சிருச்சு. அன்னிக்குப் புடிச்சதுதான், உழவாரன் தரையில நடக்கறதுமில்ல, கெளையில உக்கார்றதுமில்ல. பனையோல அடியில எச்சிக் கூட்ட ஒட்டிட்டு, பொழுதன்னிக்கும் வானத்தச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கு.