முக்கோணம் சுற்றி வந்த நாள்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பவளம் என்று ஒரு குரு இருந்தாள். கோடும் கோணமும்தான் அவள் சொல்லிக்கொடுப்பது. சிஷ்யைகளில் இசக்கி மட்டும் குருவைவிட நாலு வயசு மூத்தவள், கைப்பிள்ளைக்காரி. அதனால் குரு அவளை அக்கா என்பாள். இசக்கி குருவை அம்மா என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்குப் பழகிப்போயிற்று.

அன்றைக்கு இசக்கி வரும்போதே முகம் சரியில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் எழவில்லை. தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கட்டம் போட்ட தாள். நடுவில், குறுக்குக்கோடும் நெடுக்குக்கோடும் வெட்டுகிற ஆதிப்புள்ளி. வலப்பக்கம் மேலே ஒரு முக்கோணம். அதை ஆதிப்புள்ளியைச் சுற்றிக் கால்வட்டம் திருப்ப வேண்டும். இசக்கியோ தொட்டிலில் பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கிற மாதிரி, இருந்த இடத்திலேயே திருப்பி வரைந்து வைத்திருந்தாள்.

"இது எதைச் சுத்திச்சு அக்கா?"

"தன்னையேதான். அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்னு விட்டுட்டேன்."

பவளம் சிரிக்கப்போனாள். இசக்கியின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு என்னவென்று கேட்டாள்.

இசக்கி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பகல் முழுக்கப் பிள்ளை நாத்தனாரிடம் இருக்கிறான். நேற்று சாயங்காலம் போய்க் கையை நீட்டினால் வரவில்லை. நாத்தனார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யாரோ வெளியூர்க்காரி வந்திருக்கா என்று அவள் வேறு கேலி செய்தாள்.

"என்னை மறந்துடுவானா அம்மா?"

குரு கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டினாள். ஆதிப்புள்ளியில் ஊசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, மறுமுனையை முக்கோணத்தின் மூலையில் கோத்தாள்.

"நூல் தொய்யாம திருப்புங்க."

இசக்கி கால்வட்டம் திருப்பினாள். குறுக்கே நாலு, மேலே ரெண்டில் இருந்த மூலை மைனஸ் ரெண்டு, நாலுக்குப் போனது. இன்னொரு கால்வட்டம். மைனஸ் நாலு, மைனஸ் ரெண்டு. அங்கே அவள் கை நின்றுவிட்டது.

"ரெண்டுமே மைனஸ். தலைகீழா வேற நிக்குது."

"நூலை அளங்க."

அளந்தாள். முதலில் இருந்த அதே அளவு. மூன்றாவது தடவை திருப்பிவிட்டுச் சொல்லாமலே அளந்தாள். அதே அளவுதான்.

"உங்களுக்கென்ன, அளவு சொல்லிட்டீங்க. ஒண்ணைப் பெத்துப் பார்த்தா தெரியும்" என்றாள் இசக்கி.

பவளம் கோபித்துக்கொள்ளவில்லை. நாத்தனாரிடம் பிள்ளை எப்போதாவது அப்படி முகத்தைத் திருப்பியிருக்கிறானா என்று மட்டும் கேட்டாள்.

இசக்கி யோசித்தாள். இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் இல்லை, வளையல்காரரிடம்கூட இல்லை. எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே தாவுவான்.

"என்கிட்ட மட்டும்தான்" என்றாள். விரலால் நூலைத் தடவினாள். "அது சரி, இவ்வளவு தள்ளிச் சுத்துற முக்கோணத்துக்கு நூல் இருக்கிறது எப்படிம்மா தெரியும்?"

"முக்கோணத்துக்குத் தெரியாட்டி போகுது அக்கா. இழுக்கிறது ஊசிக்குத் தெரியும், அதான் முகத்தைத் திருப்புது."

இனிமேல் வரமாட்டேன் என்று சொல்ல வந்ததை இசக்கி கடைசிவரை சொல்லவில்லை. பாக்கியிருந்த கால்வட்டத்தை மெல்லத் திருப்பினாள்.