பாறையைக் கழுவிய மதலைமுத்து

விடிந்ததும் செம்பாறைப்பட்டித் தெருக்களில் இரண்டு தகர டின்கள் மோதும் சத்தம் கேட்கும். மதலைமுத்து வருகிறார் என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் கழுநீரையும் மிச்சச் சோற்றையும் டின்களில் ஊற்றிக்கொண்டு போவார். அவரை முன்வாசல் வழியாக யாரும் கூப்பிட்டதில்லை. பன்றி வளர்ப்பவர் அல்லவா!

டின்கள் நிறைந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். வனத்து அந்தோணியார் கோயில் கேட்டுக்கு வெளியே சுமையை இறக்கிவைப்பார். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே, குகை போலக் கட்டி அந்தோணியார் சிலையை வைத்திருக்கும் கெபியைப் பார்ப்பார். காட்டில் தவமிருந்த அந்த முனிவர்தான் ஆடுமாடுகளுக்குக் காவல்.

"சாமி, வாயில்லாத சீவனை நீ பாத்துக்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்." அவ்வளவுதான் அவருடைய செபம்.

கெபிக்குள் போக அவருக்கு வருடத்தில் ஒரு வேலை உண்டு. ஜனவரி பதினேழு திருவிழா. முந்தின நாள் கெபியைக் கழுவிவிட வேண்டும். வௌவால் எச்சத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வேறு யார் கை வைப்பார்கள்? சிலையின் இடது காலடியில் சிமெண்ட் பாறை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சாமியின் பாதத்தைத் தொட மதலைமுத்துவுக்குக் கூச்சம். அதனால் அந்தப் பாறையைத்தான் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நெற்றியை அதன்மேல் வைத்து, முத்தமிடுவார். இருபது வருடமாக இப்படி. மாலை கட்டுகிறவர்கள் வந்ததும் வாளியோடு வெளியேறிவிடுவார்.

திருவிழா அன்று காளைகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி ஓட்டி வருவார்கள். ஆடு, கோழி, கூண்டுக்கிளிக்குக்கூடத் தீர்த்தம் உண்டு. பன்றிக்கு மட்டும் கிடையாது. ஊர் வழக்கமாம்! மதலைமுத்து மதிலுக்கு வெளியே நிற்பார். சாமியார் வீசுகிற தீர்த்தத்தில் ஒரு துளி மதிலைத் தாண்டி விழுந்தால், அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு போய்ப் பன்றிகளின் முதுகில் துடைப்பார். கூட்டம் கலைந்ததும் வந்து சாணத்தை அள்ளுவார்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு இதே ஊர் அவர் குடிசை முன்னால்தான் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்கும். டிசம்பரில் இலையில் ஏறுகிற பன்றி ஜனவரியில் வாசலில் ஏறக் கூடாதாம்.

அந்த வருடம் கார்த்திகையில் காய்ச்சல் வந்து, பட்டியில் இருந்த பன்னிரண்டு பன்றிகளில் பதினொன்றை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது ராசாத்தி என்கிற சினைப்பன்றி மட்டும். அவளும் தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சாமி, இவளைப் பிழைக்க வை. உன் காலடியில கொண்டுவந்து நிறுத்தித் தீர்த்தம் வாங்குறேன்" என்று மதலைமுத்து நேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் ராசாத்தி டின்னை நக்கிக் காலி செய்தாள்.

நேர்ந்தாகிவிட்டது. கேட்க வேண்டுமே! விழாக் கமிட்டித் தலைவர் ராயப்பனின் வீட்டுக் கொல்லையில் போய் நின்றார்.

"ஐயா, ஒரே ஒரு சீவன்தான். கேட்டு ஓரமா நிறுத்திக்கிறேன்."

ராயப்பன் பல்குச்சியைத் துப்பினார். "பன்னிக்குத் தீர்த்தமா? அடுத்த வருசம் பெருச்சாளிக்கும் கேப்ப போலிருக்கே!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "வேட்டி கட்டிக் கூட்டியாரச் சொல்லுங்க, அண்ணே" என்றார்.

"நேர்ச்சைங்கய்யா."

"நேர்ச்சையை உன் வீட்டுல வச்சுக்க. கோயில் சுத்தமா இருக்கணும்."

அந்தக் கோயிலைச் சுத்தம் செய்கிறவரிடம் சொல்கிறார் இதை! மதலைமுத்து குனிந்து டின்னை எடுத்தார். கழுநீரை ஊற்றிக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி சலேத்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "போன வருசம் கிறிஸ்துமஸுக்கு ஈரல் வேணும்னு மொத ஆளா வந்து நின்னாரே அந்த மனுசன். அப்ப எங்க போச்சாம் சுத்தம்?"

"விடு புள்ள. கேக்குற எடத்துல கேட்டாச்சு. இனி சாமி பாடு."

பங்குச்சாமியார் ஜெரோம் ஊருக்குப் புதியவர், ரோமில் படித்தவர். விஷயம் காதுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தொடங்கினார். இந்தத் திருநாளில் ரோமில் குதிரை, நாய், பூனையெல்லாம் கோயில் வாசலுக்கு வருகின்றன என்றார். மெக்சிகோவில் ஆட்டுக்கும் கழுதைக்கும் பூச்சூட்டி, சட்டை போட்டு அழைத்து வருகிறார்களாம். ஸ்பெயினில் ஒரு மலைக்கிராமத்தில் கழுத்தில் மணி கட்டிய பன்றி தெருவெல்லாம் சுற்றுமாம். வீட்டுக்கு வீடு அதற்குச் சோறு வைப்பார்களாம். அது அந்தோணியாரின் பன்றியாம்.

"அங்கெல்லாம் சிலையிலேயே அவர் காலடியில் பன்றி இருக்கும்" என்றார் சாமியார்.

ராயப்பன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "அது வெள்ளைக்காரன் ஊரு, சாமி. நம்ம அந்தோணியாருக்கு அப்படியெல்லாம் கிடையாது. காலடியில பாறைதான் இருக்கு, பாத்துக்கங்க."

சாமியார் பிரசங்கத்தை அத்தோடு முடித்துக்கொண்டார். படித்தவர், பட்டம் பெற்றவர், ஊர் வழக்கத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லத் துணியவில்லை. கடைசி பெஞ்சுக்கும் பின்னால், தரையில் உட்கார்ந்திருந்த மதலைமுத்து மட்டும் 'பன்றிக்குக்கூட மணி கட்டுவார்களா!' என்று வியந்துகொண்டிருந்தார்.

திருவிழாக் காலை. ராசாத்தியைக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சின்ன வெண்கல மணி கட்டி, மதிலுக்கு வெளியே வழக்கமான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே போகிற எண்ணமே இல்லை. இந்த வருடமும் ஒரு துளி தாண்டி விழாதா என்ற ஆசைதான்.

ஊர் சுற்றிய சப்பரம் கொட்டுமேளத்தோடு கேட்டுக்குள் திரும்பியது. கெபியிலிருந்து இறக்கி ஏற்றிய அதே சிலைதான்; எட்டுப் பேர் தோளில் அந்தோணியார் ஆடி ஆடி வந்தார். அப்போது கமிட்டி ஆள் ஒருவன், "பன்னியை இழுத்துட்டுப் போய்யா!" என்று கத்தி, நிறைசினையாக நின்றவளின் விலாவில் கம்பால் ஓங்கி அடித்தான். வயிற்றில் குட்டிகளைச் சுமந்த சீவனை அடிக்கிற கை என்ன கை!

ராசாத்தி அலறிக்கொண்டு, மதலைமுத்து பிடித்திருந்த கயிற்றை அறுத்தாள். திறந்திருந்தது கேட்டு ஒன்றுதான். உள்ளே பாய்ந்து, நேரே சப்பரத்துக்கு அடியில் புகுந்தாள். தூக்கியவர்களின் கால் பின்னியது. ஒரு பக்கம் சரிந்து, சப்பரக் கால் தரையில் இடித்தது. சிலை சாய்ந்தது. "ஐயோ சாமி!" என்று கூட்டமே அலறியது.

பன்றியைப் பிடிக்க ஓடிவந்த மதலைமுத்து, சரிந்த பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தார். அதுவரை எந்தச் சப்பரத்தையும் தொட அனுமதிக்கப்படாத தோள் அது. அந்தோணியார் அவர்மேல் சாய்ந்து நின்றார்.

சாமியைத் தொட்டுவிட்டாரே என்று திட்டுவதற்கு ராயப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் சிலையின் காலடியில் சடசடவென்று ஒரு சத்தம். சிமெண்ட் பாறை வெடித்து, பெயர்ந்து, துண்டு துண்டாக விழுந்தது. முதலில் ஒரு காது தெரிந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் கழுத்தில் கட்டிய சின்ன மணி.

அந்தோணியாரின் பாதத்தில் முகத்தைச் சாய்த்தபடி ஒரு பன்றி நின்றது.

மேளம் நின்றுபோனது. சப்பரத்துக்கு அடியில் ராசாத்தியின் மணி மட்டும் கிணுகிணுத்தது.

"இதை மறைச்சது யாரு?" என்று கேட்டார் சாமியார். இப்போது அவர் குரலில் தயக்கம் இல்லை.

ராயப்பன் தரையைப் பார்த்தார். "எங்கப்பா காலத்துல பூசுனது, சாமி. பக்கத்து ஊர்க்காரங்க, 'உங்க சாமி பன்னி மேய்க்குதா'ன்னு கேலி பண்ணுனாங்க. அதான்..."

தெரிந்தே இருந்திருக்கிறார்! தெரிந்துகொண்டே, பாறைதான் என்று கோயிலுக்குள் நின்று பேசியிருக்கிறார்.

சலேத்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இருபது வருசமா எம்புருசன் தேச்சுக் குளிப்பாட்டுனது யாரைன்னு இப்பத் தெரியுதாய்யா? நீங்க மூடி மூடி வச்சீங்க. அவரு கழுவிக் கழுவி விட்டாரு!"

சாமியார் தீர்த்தச் செம்போடு மண்டியிட்டு, காளைகளுக்கும் முன்னால் ராசாத்தியின் முதுகில் தெளித்தார். பிறகு எழுந்து, இன்னும் சிலையைத் தாங்கி நின்ற மதலைமுத்துவின் தலையில் தெளித்தார். அந்தத் தண்ணீர் கண்ணீரோடு சேர்ந்து தாடையில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் சாமியைப் பிடித்திருந்தன.

மறுவாரமே கமிட்டியில் சிலர் மறுபடி சிமெண்ட் பூசலாமா என்று கூடிப் பேசியதும் உண்மை. மனிதனின் வெட்கம் அவ்வளவு சுலபத்தில் உதிர்வதில்லை. ஆனால் பூச ஒரு கொத்தனாரும் வர மறுத்துவிட்டார். ராசாத்தி ஒன்பது குட்டி போட்டாள். அதில் ஒன்றை மதலைமுத்து அந்தோணியாருக்கே விட்டார். கழுத்தில் மணியோடு அது இன்றைக்கும் தெருவில் திரிகிறது. சோற்றுக்கு அது கொல்லைப்புறம் போவதில்லை. ராயப்பனின் முன்வாசலிலேயே போய் நிற்கிறது. அவரும் வைக்கிறார்.

தம்மைத் தாங்க ஒரு தோள் வேண்டியபோது அந்தோணியார் தேர்ந்தது, கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் தோளை. அழுக்கைக் கழுவியே அருளைக் கண்ட மதலைமுத்துவின் கைகளுக்கு நம் வணக்கம்.