சிட்டுக்குருவி நடையை விட்ட கதை

கோழியும் குருவியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சிட்டுக்குருவி இப்போதுபோல் தத்தித் தத்திப் போகாது. புறாவைப்போல ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று ஒய்யாரமாக நடக்கும். அந்த நடையில் அதற்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பறவைகளுக்குள் அன்று ஒரு கட்டுப்பாடு இருந்தது: எந்த வாசலில் முதல் காலை வைக்கிறாயோ, ஆயுசுக்கும் அந்த வீட்டுப் பறவை நீ. அடுத்த வீட்டுத் தானியத்தை ஏறிட்டும் பார்க்கக் கூடாது.

சிரியா தேசத்து ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில், யூதர் தெருவில், நடுவே முற்றமும் இருபுறம் அறைகளுமாக ஒரு வீடு. சிப்பிராளும் அவள் தங்கை மில்காளும் பிள்ளைகுட்டிகளோடு அங்கே குடியிருந்தார்கள். முற்றத்தில் ஒரே அடுப்பு. ஓய்வுநாளான சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஜெபஆலயம் போவார்கள். வந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சிந்துகிற துணுக்கெல்லாம் முற்றத்து உத்திரத்தில் கூடு கட்டியிருந்த நம் குருவிக்கு.

ஒருநாள் மில்காள் முகமெல்லாம் மலர வந்தாள்.

"அக்கா, நம்மை மீட்க வருவாருன்னு நாம காத்திருந்தவர் வந்துட்டாரு. நாசரேத்தூர் இயேசுதான் அவர். செத்து, மூணாம் நாள் எழுந்துட்டாரு."

சிப்பிராள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "வந்திருந்தா உலகம் இப்படியாடி இருக்கும்? ரோமாக்காரன் இன்னும் நம்ம தலைமேலதானே உட்கார்ந்திருக்கான்?"

"மறுபடியும் வருவாரு அக்கா."

"அப்ப நீயும் காத்திருக்கே, நானும் காத்திருக்கேன். பருப்பு ஆறுது, சாப்பிடு."

அவ்வளவுதான் சண்டை. சனிக்கிழமை வழக்கம்போல ஜெபஆலயம். மறுநாள் ஞாயிறு விடியலில் இயேசுவை நம்பிய மில்காளின் கூட்டத்தார் அவள் அறைக்கு வந்து, அப்பம் பிட்டு, ஜெபஆலயத்தில் பாடுகிற அதே பழைய சங்கீதங்களைப் பாடுவார்கள். குருவிக்கு வாரத்தில் இரண்டு விருந்து. உடம்பு கொஞ்சம் பருத்தும் போயிற்று.

பிறகு அந்தக் கூட்டத்தில் யூதர் அல்லாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். சாயத் தொட்டியில் வேலை செய்கிற ஐரீனாள் என்ற கிரேக்கப் பெண் அவர்களில் ஒருத்தி. விரலெல்லாம் ஊதா நிறம், மனசெல்லாம் வெள்ளை.

"அவ நல்லவதான். நம்ம முறைமைக்குள்ள முழுசா வரட்டும், பிறகு நம்ம பந்தியில உட்காரட்டும்" என்றாள் சிப்பிராள். "அவளோட விசுவாசமே போதும்னு நாங்க நினைக்கிறோம்" என்றாள் மில்காள். குருவி அன்றுதான் முதன்முதலாகக் கவலைப்பட்டது. வீடு இரண்டானால் அது எந்த வாசலுக்குப் போகும்?

பஸ்கா பண்டிகை வந்தது. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து முன்னோர், மாவு புளிக்கவும் நேரமில்லாமல், அவசரமாகப் புறப்பட்டதன் நினைவாக, ஏழு நாள் வீட்டில் புளித்த மாவு துளியும் இருக்கக் கூடாது. சிப்பிராள் விளக்கேந்தி மூலைமூலையாகத் துழாவினாள். அண்ணாந்து, "உன் கூட்டுல ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்றுகூடக் கேட்டாள். குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்தாலும் இரண்டு பழைய துணுக்குகளைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தது.

அன்று பிற்பகல் ஐரீனாள் வந்தாள். பண்டிகைக்கு வெறுங்கையோடு போகலாமா என்று, அவர்கள் வழக்கப்படி வீட்டில் உள்ளதிலேயே சிறந்ததைக் கொண்டு வந்திருந்தாள். நன்றாகப் புளித்து, உப்பி, ஆவி பறக்கும் பெரிய அப்பம்.

முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐரீனாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடி அப்பத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மில்காள் அக்காளைப் பார்த்தாள். ஊதா விரல்களைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தால் இவள் முகம் செத்துப்போகும். வாங்கினால் அக்காளின் பண்டிகை கெட்டுப்போகும். அப்பத்தை வாங்கினாள். பிட்டு, ஐரீனாளுக்கு ஒரு பாதி கொடுத்து, மறுபாதியைத் தானும் தின்றாள்.

சிப்பிராள் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து முற்றத்தின் குறுக்கே உத்திரத்தில் தொங்கவிட்டாள். "எகிப்துல நம்மவங்க பட்டது உனக்கு மறந்துபோச்சு, மில்கா. பண்டிகை முடியிற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றாள்.

பண்டிகை முடிந்தது. தங்கை எடுப்பாள் என்று அக்காள் இருந்தாள். தொங்கவிட்டவளே எடுக்கட்டும் என்று தங்கை இருந்தாள். திரை அப்படியே கிடந்தது. மில்காள் சனிக்கிழமை ஜெபஆலயம் போவது குறைந்து, பிறகு நின்றும் போயிற்று. அவள் பக்கம் புதியவர்கள் பெருகினார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன், "திரைக்கு அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். மில்காளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பாடுற பாட்டு எங்க அப்பா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது" என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் காதில் அது ஏறவில்லை.

ஆண்டுகள் ஓடின. இரு பக்கத்துப் பிள்ளைகளும் பேசிவைத்ததுபோல ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். திரையை எடுத்துவிட்டுக் கல்சுவர் கட்டினார்கள். உத்திரம் இறங்கியது. குருவியின் கூடும் கலைந்தது.

பறவைகளின் நாட்டாமையான சேவல் சுவர்மேல் ஏறி நின்றது. "வீடு ரெண்டாயிடுச்சு. உன் முதல் காலை எங்கே வைக்கப்போறே, சொல்லு."

குருவி இந்தப் பக்கம் பார்த்தது; நரைத்த சிப்பிராள் ஓய்வுநாள் அப்பத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தது. மில்காள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது காலைத் தூக்கியது, இறக்கியது. இடது காலைத் தூக்கியது, இறக்கியது. பிறகு இரண்டு காலையும் சேர்த்துவைத்து, ஒரே தத்தாகச் சிப்பிராளின் வாசலில் குதித்தது. சுவரைத் தாண்டி, அதேபோல மில்காளின் வாசலிலும் குதித்தது.

சேவல் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "எது முதல் கால்?"

"நீயே பார்த்துச் சொல்லு" என்றது குருவி. "அப்ப ரெண்டு வீட்டுப் பறவைதான் நீ" என்று சொல்லிவிட்டுச் சேவல் சுவரைவிட்டு இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை சிப்பிராள் துணுக்குகளை உதிர்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் விசாரித்தாள். "அந்தப் பக்கம் போனியா? அவளுக்கு முழங்கால் வலி தேவலையா?"

ஒய்யார நடையைக் குருவி விட்டது சேவல் கேட்ட அந்த நாளில்தான். இன்றுவரை அது எந்த வாசலுக்கு வந்தாலும் ஒரு காலை முந்தவிடாமல், இரண்டையும் சேர்த்தே வைக்கிறது.