சுடாத பூக்குழி

விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைத் திறக்க வேண்டாம். சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிற விடுகதை இது.

மானாமதுரைப் பக்கத்துத் தவசிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அக்கா இருளாயி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அது ஒட்டிக்கொண்டால் புருஷனைத் தீ மிதிக்கப் பூக்குழி இறக்குவதாக மனைவி பஞ்சவர்ணம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒட்டிக்கொண்டது. ஆனால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, அதுவரை இல்லாத சர்க்கரையைக் கொண்டுவந்தது.

"மாத்திரைய நிறுத்தக் கூடாது. வாயைக் கட்டுங்க. தினமும் பாதத்தைப் பாருங்க" என்றார் டாக்டர். தவசி மாத்திரையை நிறுத்தவில்லை. மற்ற இரண்டையும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஊர்க் கோயில் திருவிழா ஒரு வழக்கில் நின்றுபோயிருந்தது; அது தீர்ந்து, ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் வருஷம்தான் பூக்குழி வளர்த்தார்கள். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் தவசி கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொன்று கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. "மனசு பூரா அம்மன்கிட்ட இருக்கு" என்று பஞ்சவர்ணம் பூரித்துப் போனாள்.

இருளாயி மட்டும் மறித்தாள். "உடம்பை அறுத்துக் குடுத்தது உன்னை நெருப்புல விடவாடா? உனக்குப் பதிலா நான் இறங்குறேன்."

"குடுத்ததச் சொல்லிக் காட்டாதக்கா" என்றார் தவசி. அவள் வழியை விட்டு விலகினாள்.

பூக்குழியில் எல்லாரும் ஓடித்தான் கடந்தார்கள். தவசி ஆற அமர நடந்தார். நடுவில் நின்று கும்பிடவும் செய்தார். ஒரே குலவை. "சூடே தெரியல!" என்றார். என் விபூதி என்றார் பூசாரி. என் விரதம் என்றாள் பஞ்சவர்ணம். என் பக்தி என்றார் தவசி.

வெந்த பாதத்தில் மஞ்சளை அப்பி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வாரம் திரும்புவதற்குள் சீழ் பிடித்து, அறைக்குள் நுழைய முடியாத நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டது ஊர். தூ!

இப்போது சொல்லுங்கள். சூடு தெரியாமல் செய்தது எது? விபூதியா, விரதமா, பக்தியா?

விடை: மூன்றும் இல்லை. கடைத்தெருவில் கிடந்த செருப்பைக் கேளுங்கள். கட்டுப்படாத சர்க்கரை அந்தக் கால்களின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. செருப்புக் கழன்றது தெரியாத காலுக்கு நெருப்பு மட்டும் தெரியுமா? ஆஸ்பத்திரியில் அழுகிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண்ணின் விஷம் ஏறி, அக்கா கொடுத்த சிறுநீரகமும் போயிற்று. பஞ்சவர்ணம் மறுபடி நேர்ந்துகொள்ளக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். கொடுப்பதற்கு இருளாயியிடம்தான் இன்னொன்று இல்லை.